சிம் இல்லாத பழைய போனை வைத்து வயலை அளக்கலாமா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று சிம் இல்லாமல் வீட்டில் கிடக்கிறது, இரண்டு ஏக்கர் வயலை அதை வைத்து அளக்க முடியுமா, அந்த அளவை நம்பலாமா?

தாராளமாக அளக்கலாம். போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆனால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் நெட் இருந்தால் நொடியில் வந்துவிடும், இல்லாவிட்டால் அதையும் வானத்திலிருந்தே வாங்கியாக வேண்டும், மாதக்கணக்கில் அணைந்து கிடந்த போனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேலேகூட ஆகும். வரப்பில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். இந்த இடத்தில்தான் பலர் போன் பழுது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பரப்பளவு பார்க்கும் செயலியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு போய், மூலைக்கு மூலை அரை நிமிடம் நின்று குறியுங்கள்.

சரி, நம்பலாமா? திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை இடம் தள்ளிக் காட்டும். எல்லா மூலையும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போனால் பரப்பு மாறாது, அதனால் ஒரே நடையில் முடித்துவிடுங்கள், இன்று பாதி நாளை பாதி வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் 3 மீட்டர் தப்பினால்? இரண்டு ஏக்கர் சதுர வயலில் ஒரு பக்கம் 90 மீட்டர், 270 சதுர மீட்டர் பிசகும், அதாவது 200 சென்ட்டில் கிட்டத்தட்ட ஆறே முக்கால் சென்ட். உழவுக்கூலிக்கும் உரக்கணக்குக்கும் இது போதும். அதே பிசகு 10 சென்ட் மனையில் வந்தால் ஒன்றரை சென்ட் போய்விடும், அங்கே டேப்பைத்தான் பிடிக்க வேண்டும். தென்னந்தோப்புக்குள்ளும், அரிட்டாபட்டி மாதிரிப் பாறை மலையை ஒட்டியும் சிக்னல் தடைபட்டும் தெறித்தும் வரும், இரண்டு மூன்று தடவை நடந்து பாருங்கள். பட்டாவில் உள்ள ஏர் கணக்கோடு ஒப்பிட, 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். எல்லைத் தகராறு என்றால் சர்வேயரைக் கூப்பிடுங்கள், போனை நீட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு இதுதான் பெரிய பயன். போர் தண்ணீருக்கு பைப் புதைக்கும்போது, மண்ணை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் வளைவிலும் போனை வைத்துப் புள்ளியைச் சேமித்துவிடுங்கள். அப்புறம், பக்கத்து வேப்பமரத்திலிருந்து எத்தனை அடி என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள். கசிவு வரும் நாளில் போன் உங்களைக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும், சரியான இடத்தை அந்த அடிக்கணக்கு காட்டும்.