மாந்தோலில் உறைத்தாள்: கடலை மிட்டாய்க்கு ஆகும், தக்காளிக்கு ஆகாது

கேள்வி: பர்கூர் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பெங்களூரா மாங்காயைக் கூழ் தொழிற்சாலைக்குப் போடுகிறோம். ஆலைக்கு வெளியே தோலும் கொட்டையும் குவிந்து நாறுகின்றன. கேட்டால், எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள். எங்கள் உழவர் குழுவில் அந்தத் தோலை அரைத்து, கிளிசரின் விட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் தாள் செய்து பார்த்தோம். கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தக்காளிக்கும் கடலை மிட்டாய்க்கும் பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாக இதைப் பயன்படுத்த முடியுமா? அளவோடு சொல்லுங்கள் ஐயா.

பதில்: பிசுபிசுப்புக்கும் பூஞ்சணத்துக்கும் காரணம் ஒன்றுதான். தோலில் ஒட்டியிருந்த கூழின் சர்க்கரையை நீங்கள் கழுவவில்லை. சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், கிளிசரினும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் எத்தனை மணி நேரம் காய வைத்தாலும் தாள் மறுபடி ஈரமாகிவிடும். அந்த ஈரத்தில் சர்க்கரையும் இருந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? கழுவலையும் கிளிசரின் அளவையும் சரிசெய்தால் தாள் நிற்கும்.

ஆனால் அதற்கு முன் எந்தப் பொருளுக்கு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மாந்தோல் தாளுக்கு உடல் கொடுப்பது தோலில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள். காய்ந்த நிலையில் பெக்டின் தாள் ஆக்சிஜனையும் எண்ணெயையும் நன்றாகத் தடுக்கும். தோலில் இயற்கையாகவே உள்ள பாலிபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். ஆகவே கடலை மிட்டாய், வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை போன்றவற்றுக்குப் பொருத்தம். உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் மாமிடி தாண்ட்ரா (மாங்கூழைக் காயவைத்த இனிப்புத் தகடு) போடுகிறார்களே, அதன் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் வைக்கவும் ஆகும். நீராவியை மட்டும் இந்தத் தாள் தடுக்காது. அதனால் முறுக்கு, அப்பளம் சுற்றினால் நமுத்துப்போகும். தக்காளி மூச்சுவிடும்போது வெளியேறும் ஈரம் உள்பக்கம் வியர்த்துத் தாளைப் பசையாக்கிவிடும். கடலை மிட்டாய்க்கும்கூட இதை உள்தாளாக மட்டும் வைத்து, வெளியே மூடியுள்ள டப்பாவோ மெழுகு பூசிய அட்டைப்பெட்டியோ போடுங்கள்.

தோலைக் குவியலிலிருந்து அள்ளாதீர்கள். அது சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். பழத்தின் நொதிகள் பெக்டினைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். குழாய், தொட்டி கழுவிய காஸ்டிக் சோடா தண்ணீர் குவியலில் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இயந்திரத்திலிருந்து தோல் விழும் இடத்திலேயே உங்கள் கிரேட்டை வைத்துப் பிடியுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த வேலை நடக்க வேண்டும். பச்சைத் தோலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அதை லாரியில் தூரம் கொண்டுபோவது வீண்செலவு. உலர்த்துமிடம் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கையுறை கட்டாயம்: மாம்பாலும் தோலும் சிலருக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்.

90 டிகிரி வெந்நீரில் தோலை 4 நிமிடம் போட்டு எடுங்கள். பெக்டினைக் கெடுக்கும் நொதியும் தோலைக் கறுக்கவைக்கும் நொதியும் இதில் செயலிழக்கும். உடனே குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 2, 3 நிமிடம் அலசுங்கள். தோலை நாக்கில் வைத்துப் பார்த்தால் இனிப்பு தெரியக்கூடாது. சுத்தமாக இருக்கட்டுமே என்று மணிக்கணக்கில் ஊறவிட்டால் கரையும் பெக்டினும் தண்ணீரோடு போய்விடும். கழுவிய தண்ணீர் கம்போஸ்ட் குழிக்குப் போகட்டும். ஓடையில் விட்டால் ஊரே நாறும்.

பிழிந்து, ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் போகாமல் பரப்பி, 55 முதல் 60 டிகிரியில் உலர்த்துங்கள். கூழ் பருவம் நடக்கும் ஜூன், ஜூலையில் மேகமும் சாரலுமாக இருக்கும். வெறும் களத்து வெயிலை நம்ப முடியாது. சூரியக் கூடார உலர்த்தியோடு விறகு அல்லது மின் சூடேற்றியும் துணைக்கு வேண்டும். மடக்கினால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 100 கிலோ பச்சைத் தோலுக்கு 15 முதல் 20 கிலோ உலர்தோல் கிடைக்கும். அரைத்து, மெல்லிய சல்லடையில் (80 மெஷ்) சலித்து, காற்றுப் புகாத பையில் கட்டிவையுங்கள். கரகரப்பாக விட்டால் ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் தாளில் ஓட்டை விழும்.

இனி தாள். 30 செ.மீ.க்கு 40 செ.மீ. தட்டு ஒன்றுக்கு: தண்ணீர் 500 மி.லி., தோல்தூள் 15 கிராம், உணவுத்தரக் கிளிசரின் 4.5 கிராம், சிட்ரிக் அமிலம் 1.5 கிராம். அமிலத்தையும் தூளையும் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 80 முதல் 85 டிகிரியில் 45 நிமிடம் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். அமிலமும் சூடும் சேர்ந்துதான் நாரோடு பிணைந்திருக்கும் பெக்டினை விடுவிக்கும். கொதிக்கவிடாதீர்கள், பெக்டின் சங்கிலிகள் அறுந்து தாள் பலமிழக்கும். வற்றிய தண்ணீரை மறுபடி ஊற்றி 500 மி.லி. ஆக்கி, கிளிசரினை விட்டு, மிக்சியில் 2 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு நுரை அடங்கும்வரை வையுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் ஒவ்வொரு குமிழியும் காய்ந்தபின் ஓட்டைதான்.

தட்டில் சிலிக்கான் விரிப்பு போட்டு ஊற்றுங்கள். வெறும் எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் உரிக்க வராது. தட்டு மட்டமாக இருக்கிறதா என்று மேஸ்திரி வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தோலாட்டம் தடித்து, எதிர்ப்பக்கம் கிழியும். 40 முதல் 45 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் காயட்டும். சீக்கிரம் முடிக்கலாம் என்று 60க்கு ஏற்றினால் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, ஓரம் சுருண்டு வெடிக்கும். காய்ந்ததும் உடனே உரிக்காமல் சில மணி நேரம் அறைக்காற்றில் விட்டு உரியுங்கள். ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமனில், தேன் நிறத்தில், வெளிச்சம் மங்கலாகத் தெரியும் தாள் வரும். கண்ணாடிபோல் தெளிவான தாள் இதில் வராது.

தாளை ஒரு மூலையில் முழுதாக மடக்கிப் பாருங்கள். வெடித்தால் அடுத்த முறை கிளிசரினை 5 கிராம் ஆக்குங்கள். 6 கிராமைத் தாண்ட வேண்டாம். கிளிசரின் நாளடைவில் மேற்பரப்பில் கசிந்து மறுபடி பிசுபிசுக்கும். தாளைக் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கினால் கெட்டிப்படும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மெத்தாக்சில் என்ற வேதித் தொகுதி குறைந்த பெக்டினுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். மாந்தோல் பெக்டின் பெரும்பாலும் மெத்தாக்சில் மிகுந்த வகை என்பதால் பலன் சொற்பம்.

ஈரத்தைக் கொஞ்சமாவது தடுக்கத் தேன்மெழுகு உதவும். மேற்சொன்ன அளவுக்கு 2 கிராம். அது 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஆகவே கரைசல் 75 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே அரை கிராம் லெசித்தினோடு (மெழுகையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருள்) சேர்த்து மிக்சியில் ஓட்ட வேண்டும். ஆறியபின் சேர்த்தால் மெழுகு மணல்போல் திரண்டு நிற்கும். பலன் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி மூன்று கண்ணாடிக் குவளையில் வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பை 20 கிராம் போடுங்கள். ஒன்றின் வாயை மெழுகுத் தாளாலும், இன்னொன்றைச் சாதாத் தோல்தாளாலும் மூடி, விளிம்பை உருகிய மெழுகால் அடையுங்கள். மூன்றாவதைத் திறந்தே விடுங்கள். நகைத் தராசில் தினமும் எடை பாருங்கள். ஈரக்காற்று உள்ள மழைநாளில் செய்யுங்கள், வறண்ட காற்றில் உப்பு ஈரம் இழுக்காது. எந்தக் குவளையில் எடை மெதுவாக ஏறுகிறதோ அந்தத் தாள் தேவலாம்.

வரவுசெலவுக்கு வருவோம். ஒரு கிலோ தூளில் சுமார் 66 தாள் வரும். 10 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஏறக்குறைய 800 துண்டு. இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாளுக்கு அரை லிட்டர் வீதம், நாளைக்கு 100 தாள் போட்டால் 50 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மட்டுமே 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். உலர்த்தியில் வீணாவது தனி. தட்டுக்கு 12 சதுர மீட்டர் இடமும் வேண்டும். வெயில் வெப்பம் இல்லாமல் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால் மழைக்காலத்தில் தோலைத் தூளாக்கி வைத்துக்கொண்டு, ஜனவரிக்குமேல் வெயில் ஏறும்போது தாள் போடுவதே என் யோசனை. கடலை மிட்டாய் செய்பவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் கேட்கும் அளவில் வெட்டிக் கொடுங்கள். விலை பேசாமல் உலர்த்தி வாங்காதீர்கள்.

தக்காளிக்குத் தாளை விட்டுவிட்டு மேற்பூச்சை யோசிக்கலாம். இதே கரைசலைத் துணியில் வடிகட்டி, மெழுகு சேர்த்து, கழுவித் துடைத்த காயை முக்கி எடுத்து விசிறிக் காற்றில் காயவைத்தால் எடை இழப்பும் பழுக்கும் வேகமும் குறையும். தடித்துப் பூசினால் காய்க்கு மூச்சுமுட்டி உள்ளே சாராய வாடை வந்துவிடும். வீட்டில் பத்துக் காயில் செய்து பாருங்கள், சந்தைக்கு அனுப்பாதீர்கள். மெழுகுப் பூச்சுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் தரும் விலக்கு பழங்களுக்குத்தான். அதுவும் தேன்மெழுகு, கார்னோபா, அரக்கு மெழுகுக்கு மட்டும், லேபிளில் குறிப்பிட்டால்தான். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

தாளை விற்பதற்கும் அப்படித்தான். உணவைத் தொடும் உறைகளுக்கு 2018-ஆம் ஆண்டுப் பொட்டல விதிமுறைகள் உண்டு. மட்கும் பிளாஸ்டிக் என்று பெயர் போட்டால் ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரநிலைச் சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் வேண்டும். அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம். பூச்சிமருந்து எச்சச் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். தத்துப்பூச்சிக்கு அடித்த மருந்து தங்குவது தோலில்தான். உலர்த்தும்போது அது செறிவும் ஆகும். ஒவ்வொரு லாட் தூளிலும் மாதிரி எடுத்து என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தின் தோல் வேண்டவே வேண்டாம்.

தூய பெக்டினாகப் பிரித்து விற்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டு லிட்டர் எரிசாராயம் வேண்டும். உரிமம், காய்ச்சி வடிக்கும் வாலை, தீ பாதுகாப்பு என்று அது வேறு தொழில். உங்கள் குழுவுக்கு இப்போது தேவையில்லை. இயந்திர முதலீட்டுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் கடனோடு இணைந்த மானியமாக 35 சதவீதம் தந்தார்கள்; 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு தனிநபர் தொழிலுக்கு. திட்டம் இப்போதும் நடக்கிறதா, குழுவுக்கு எவ்வளவு, தாள் தனியாகத் தகுதி பெறுமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மாமிடி தாண்ட்ராவையும் சேர்த்துத் திட்டம் போட்டால் உணவுப் பொருள் என்ற கணக்கில் வரும். அதே உலர்த்தி இரண்டுக்கும் உதவும்.

கொட்டையைத் தோலோடு சேர்த்து அரைக்காதீர்கள்; பருப்பின் கொழுப்பு தாளில் திட்டுத்திட்டாகப் பிரியும். தனியாக உடைத்து, பருப்பை அன்றைக்கே உலர்த்தினால்தான் விலை. ஈரக் குவியலில் கிடந்து பூஞ்சணம் பிடித்த பருப்பை மாட்டுக்கும் போடாதீர்கள்.