எக்ஸெல்லை விற்றுவிடுங்கள், தம்பி

கேள்வி: குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 43. சின்ன வயதிலிருந்தே இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. ஆறு வருடம் முன்பு ஆர்.பி. (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா) என்ற விழித்திரை நோய் என்றார்கள். இப்போது நேரே பார்த்தால் எழுத்து தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரிவதில்லை. பகலில் மட்டும் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் போய்ச் சரக்கு எடுத்து வருகிறேன். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் கடை வாசலில் ஒரு குழந்தையை இடித்துத் தள்ளிவிட்டேன். அதன் அம்மா, "கண்ண இன்னா பொட்டியில வச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். பொழுது சாய்ந்தால் நான் குடித்திருப்பதாகப் பேசுகிறார்களாம். கோல் பிடித்தால் கடைக்கு ஆள் வருவார்களா? என் அக்கா மகனுக்கே மகளைக் கொடுப்பதாகப் பேச்சு இருக்கிறது. எங்கள் அப்பா அம்மாவும் சொந்தம்தான். என் மகள் வழியில் இது தொடருமா? கூட்டத்துக்குப் பயந்து இரண்டு வருடமாக எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை.
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட எக்ஸெல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன். பகலில் மட்டும்தான் என்கிறீர்கள். பகலானாலும் உங்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை இல்லையே. சந்துக்குள்ளிருந்து ஓடி வருகிற பிள்ளை, கண்ணில் படாமலே சக்கரத்தில் வந்து விழும். நடந்து போகும்போதே ஒரு குழந்தையை இடித்துவிட்டீர்கள். வண்டியை இந்த வாரமே விற்றுவிடுங்கள். இதில் பேச்சே இல்லை. சரக்கை ஆட்டோவில் போடச் சொல்லுங்கள், வாடகை போனால் போகிறது.

இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எனக்கும் அதே ஆர்.பி.தான். காட்பாடியில் டீச்சராக இருந்தபோது பன்னிரண்டு வருடம் மறைத்தேன். எதிரே வந்து கும்பிட்டவர்களைப் பார்க்காமல் போய், தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கே கூப்பிட்டாலும் தலைவலி என்பேன். ஒருநாள் எங்கள் தெருவிலேயே மூடியில்லாத கால்வாயில் இறங்கிவிட்டேன். முழங்கால் தேய்ந்து ரத்தம். தூக்கிவிட வந்த பையனிடம், "செருப்பு வழுக்கிடுச்சுப்பா" என்றேன். அந்த நிலையிலும் பொய்! கண் போனதில் நான் பட்ட பாடு பாதிதான். மீதிப் பாதி அதை மறைப்பதற்காகப் பட்டது.

நம் கண்ணில் நடப்பது இதுதான். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் சுமார் 12 கோடி இருக்கின்றன. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்குமான செல்கள் சுமார் 60 லட்சம். ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் சாவது அந்த 12 கோடி. அதனால்தான் இரவு முதலில் போகிறது, அப்புறம் ஓரங்கள் சுருங்குகின்றன, நடு மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறது. நாளிதழ் படிக்கிற ஆள் நாற்காலியில் இடித்துக்கொண்டால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நாம் சொல்லவே இல்லையே.

இதையும் மாலைக்கண் என்கிறார்கள், விட்டமின் ஏ சத்துக் குறைவால் வருவதையும் மாலைக்கண் என்கிறார்கள். குழப்பமே அங்கேதான். பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் இரண்டாவதற்கு நல்லது. ஆர்.பி. அதனால் திரும்பாது. கீரையைச் சாப்பிடுங்கள், குழம்புக்கு ருசி. ஆனால் விட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். முழுப் பார்வை வரும் என்று உத்தரவாதம் கொடுத்த ஓர் இடத்தில் நான் இரண்டு பவுன் வளையலை விற்றுக் கட்டினேன். எனக்குக் கிடைத்தது ஒரு எண்ணெய்க் குப்பி. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு ஜீனில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். ஆர்.பி.க்குக் காரணமான ஜீன்களோ பல டஜன்.

அதற்காக டாக்டரை விட்டுவிடக் கூடாது. ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வரலாம், நடு விழித்திரையில் நீர் கோக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. "நமக்குத்தான் ஒன்றும் பண்ண முடியாதே" என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எடுக்கக்கூடிய புரையை எடுக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியோ, உங்களுக்கு வசதியான வேறு கண் ஆஸ்பத்திரியோ, போய்க் காட்டிவிடுங்கள்.

அங்கேயே, பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கிற பார்வைப் பரப்புச் சோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கிற எழுத்தை நீங்கள் படித்துவிடுவீர்கள், "கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. பரப்பு 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. அந்தத் தாளோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், அடையாள அட்டைக்கு வழி கேளுங்கள்.

சரி, கோல். நான் வாங்கிய மடக்குக்கோல் இரண்டு வருடம் கைப்பையிலேயே கிடந்தது. முதன்முதலாகக் காட்பாடி ஸ்டேஷனில், ராத்திரி வண்டிக்குப் போனபோதுதான் பிரித்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் கயிறு இழுக்க, நாலு துண்டும் டக் டக்கென்று தானாகச் சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தத்துக்கே ஊர் மொத்தமும் திரும்பிப் பார்ப்பதாக நினைத்து உடம்பு கூசியது. நடந்தது என்னவென்றால், கூட்டம் தானாக வழிவிட்டது. படியருகே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இப்டி வாம்மா, இங்க மூட்ட கெடக்குது" என்றார். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட எனக்கு மூட்டை கிடப்பதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? கோலின் நுனியைத் தரையில் தோள் அகலத்துக்கு இடமும் வலமும் வீசி, இடதுகால் முன்னே போகும்போது வலதுபக்கம் தொடவேண்டும். முறையாகச் சொல்லித்தருகிறவரிடம் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் பகலில், நடுப்பார்வை இருக்கும்போதே. முழுக்கப் போனபிறகு கற்பது இதைவிடப் பல மடங்கு சிரமம்.

கடைக்கு ஆள் வருவார்களா என்று கேட்டீர்கள். குடிக்கிறார் என்று நினைக்கிற கடைக்கே வந்துகொண்டுதானே இருக்கிறார்கள்! முதலில் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொல்லுங்கள். "எனக்குப் பக்கப் பார்வை கிடையாதும்மா, பாப்பாவ நான் பாக்கல." அவ்வளவு போதும், மீதியை அவரே தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். இத்தனை வருடம் கடை நடத்தியவருக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் விரல் நுனியிலேயே தெரியும். பொருளை இடம் மாற்றி வைக்கக் கூடாது என்று கடைப்பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். போனில் பணம் வந்தால் தமிழில் சத்தமாகச் சொல்கிற பெட்டி நம்மைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். நோட்டை விரலால் பழகுங்கள். புது 500 ரூபாயின் ஓரத்தில் ஐந்து சாய்ந்த கோடுகள் மேடாக இருக்கும், 100 ரூபாயில் நாலு. 200க்கும் நாலுதான், ஆனால் நடுவில் இரண்டு புள்ளி. கசங்கிய நோட்டில் தடவிப் பயனில்லை, அப்போது நீளம் பாருங்கள். புது 500, புது 100ஐவிட 8 மில்லிமீட்டர் நீளம்.

வீட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். எவர்சில்வர் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால் எனக்கு மூன்றும் ஒன்றுதான். வாழையிலையில் வைத்தால் இட்லி பளிச்சென்று தெரியும்.

மகள் விஷயம். ஆர்.பி. பல வழியில் வரும். பெற்றோர் சொந்தம் என்பதால், இருவரிடமிருந்தும் ஒரே ஜீனின் ஒவ்வொரு பழுதான பிரதி உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் மகளிடம் ஒன்று கட்டாயம் இருக்கும். மனைவி வழியில் அதே பழுது வராதவரை அவளுக்குப் பார்வை கெடாது. கண் நன்றாக இருக்கிற உங்கள் அக்காவிடமும் அது இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவர் மகனிடம் மூன்றில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எனவே பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைத்து, முதலில் உங்களுக்கு ஜீன் பரிசோதனை செய்து ஆலோசனை கேளுங்கள். அக்காவிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது வேறு சண்டையாகிவிடும். அப்புறம், அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை.

வைகாசி முதல் தேதி சிரசுக்குப் போய்விட்டு வாருங்கள். மனைவி உங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர் முழங்கைக்குச் சற்று மேலே நீங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடங்கள். அவர் உடம்பு ஏறி இறங்குவதிலேயே உங்களுக்குப் படி தெரிந்துவிடும். வளையல் கடைப் பக்கம் பந்தல் கயிறு தாழ்வாகக் கட்டியிருப்பார்கள், அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லட்டும்.