'சபையார்' என்றால் ஓட்டு உண்டா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) இரண்டும் அங்கேதான் பெற்றேன். எட்டு வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கமிட்டித் தேர்தல் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்கள் சபையார்தான், ஆனால் திருவிருந்து அங்கத்தினர் இல்லை" என்கிறார்கள். அம்மாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் எனக்கும் இடம் இல்லாமல் போய்விடுமா?

பதில்: கடைசி வரியில்தான் உங்கள் மனது தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

ஊரார், வீட்டார் மாதிரிதான் சபையார். மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்வது. போன ஞாயிறு ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தையும் அதில் அடக்கம். 'நான் ஒரு சபையார்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டு தனி ஆளுக்கு உரியது. அதனால்தான் விதிகளில் அதற்கு வேறு சொல்: திருவிருந்து அங்கத்தினர். திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்தில், பங்கெடுப்பவர் என்று பொருள். அதற்கு மேல் வயது, சந்தா, ஆராதனைக்கு வருவது என்று நிபந்தனைகளும் இருக்கலாம்.

சரி, நீங்கள் திடப்படுத்தல் பெற்றவர். பிறகு எப்படி அங்கத்தினர் இல்லாமல் போனீர்கள்? இதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும். எந்த விதிப்படி, எந்தத் தேதியில் என் பெயர் நீக்கப்பட்டது என்று கேட்டுச் சேகர ஆயருக்கு (உங்கள் வட்டாரச் சபைகளின் பொறுப்புப் போதகருக்கு) விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். திடப்படுத்தல் சான்று, வீட்டில் கட்டிய சந்தா ரசீது, இரண்டின் நகலும் இணையுங்கள். தேர்தல் முடிந்தபின் ஓடுவதைவிட, பட்டியல் மீதான ஆட்சேபணைக் காலத்திலேயே கொடுப்பது நல்லது. மனுவில் மறந்தும் 'நான் இந்தச் சபையார்' என்று எழுத வேண்டாம். 'திருவிருந்து அங்கத்தினர்' என்றே எழுதுங்கள்.

உறுப்பினரை நீக்குவதானால் விதிப்படி, நேர்மையாக, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் நீக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1962-லேயே டி.பி. டேவர் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. அது ஒரு சங்கத்தின் வழக்குதான், ஆனாலும் சபைக்கும் பொருந்தும் என்றே வாதிடுவேன். பதில் வரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து சபையார் எல்லோருக்குமாக வழக்குப் போடுவதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும், எல்லோருக்கும் அறிவிப்பும் போக வேண்டும்.

அப்புறம் கல்லறைத் தோட்டம். ஓட்டுப் பட்டியலும் அடக்க உரிமையும் ஒன்றல்ல. தோட்டத்துக்கான விதியை வாங்கிப் பாருங்கள். அதில் 'சபையார்' என்று இருந்தால், அந்த அகலமான சொல்லே உங்களுக்குத் துணை. நீங்கள் சபையார்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்களே, அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.