மருத்துவர் பதில்கள்: டின்னில் வரும் விழிப்பு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பதற்காக விருதுநகர் மாவட்டத்திலிருந்து தில்லிக்கு வந்து, பழைய ராஜேந்தர் நகரில் இரண்டு நண்பர்களுடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். பகல் முழுவதும் பயிற்சி வகுப்பு இருப்பதால், இரவு பத்து மணிக்கு மேல்தான் நானாகப் படிக்க முடிகிறது. இரண்டு மாதங்களாக இரவில் மூன்று டின் எனர்ஜி டிரிங்க் குடித்து, மூன்று மணி வரை விழித்திருக்கிறேன். தூக்கம் வருவதில்லை, ஆனால் படித்தது மறுநாள் நினைவில் நிற்பதில்லை. சில நேரங்களில் நெஞ்சு படபடக்கிறது. இந்தப் பானம் நினைவாற்றலுக்கு உதவுமா? தேர்வு நாளன்று குடித்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், பழைய ராஜேந்தர் நகர்

பதில்: தம்பி, நெஞ்சு படபடப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு இந்தப் பானம் காரணமாக இருக்கலாம். இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ கூடக் காரணமாக இருக்கலாம். ஆகவே அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று ஓர் இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அதுவரை ஒரு டின்கூட வேண்டாம். படபடப்போடு தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டின்னில் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் காஃபீன்தான். நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளைச் செல்களில் தனக்குரிய ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களில், போய் ஒட்டும்போதுதான் நமக்குக் கண் செருகுகிறது. காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திச் சென்று உட்கார்ந்துகொள்வதால் களைப்பின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லையே தவிர, களைப்பு தீர்வதில்லை. அடினோசின் வெளியே சேர்ந்தபடியே இருக்கிறது. காஃபீன் விலகியதும் எல்லாம் ஒருசேர வந்து அழுத்துகிறது. பிற்பகல் வகுப்பில் நீங்கள் தூங்கி விழுவதுண்டென்றால் அதற்குக் காரணம் இதுதான்.

களைத்திருப்பவருக்குக் காஃபீன் கவனத்தையும் எதிர்வினை வேகத்தையும் சிறிது நேரம் கூட்டித் தருகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் தேடுவது நினைவில் நிற்பதை அல்லவா? படித்த செய்தி மூளையில் நிலைபெறுவதற்கு, படித்த பிறகு வரும் உறக்கம், குறிப்பாக ஆழ்ந்த உறக்கம், மிகவும் தேவைப்படுகிறது. நீங்கள் குடிக்கும் 250 மி.லி. டின் ஒவ்வொன்றிலும் பொதுவாக 75 முதல் 80 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். உடலில் அது பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். நள்ளிரவில் குடித்த டின்னின் பாதி காஃபீன், மூன்று மணிக்கு நீங்கள் படுத்து, ஐந்து மணிக்கு அயர்ந்து உறங்க வேண்டிய வேளையிலும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் மூடியிருக்கும், உறக்கத்தின் ஆழம் குறைந்திருக்கும். ஐந்து மணி நேரம் உழைத்துப் படித்ததை, அது மனத்தில் பதியவேண்டிய நேரத்தில் நீங்களே கலைத்துவிடுகிறீர்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஊரில் உங்கள் வீட்டார் எத்தனை சிரமப்பட்டு அந்த அறை வாடகையை அனுப்புகிறார்களோ!

சர்க்கரையையும் கணக்கில் கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்த 250 மி.லி. டின் பலவற்றில் ஏறத்தாழ 27 கிராம், அதாவது ஆறு, ஏழு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. பெரியவர்கள் நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள், நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்களோ ஓர் இரவிலேயே எண்பது கிராமைத் தொட்டுவிடுகிறீர்கள்.

காஃபீனைச் சட்டென்று விட்டால் ஓரிரு நாளில் தலைவலியும் எரிச்சலும் வரக்கூடும்; சில நாளில் அவை தாமாகத் தணிந்துவிடும். தாங்க முடியாவிட்டால், மருத்துவர் இ.சி.ஜி.யைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, காலையில் ஒரு காபி மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபியும் வேண்டாம். இரவுப் படிப்பைப் பதினொன்றரையோடு முடித்து, மிச்சத்தை விடியற்காலைக்கு மாற்றிப் பாருங்கள். அறை நண்பர்களும் ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். அவர்களிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

தேர்வு நாளைப் பற்றிக் கேட்டீர்கள். முதனிலைத் தேர்வில் தவறான விடைக்கு, அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. எந்த வினாவைத் தொடாமல் விடுவது என்று நிதானமாகத் தீர்மானிக்க வேண்டிய அந்த இரண்டு மணி நேரத்தில், கை நடுக்கமும் பதற்றமும் உங்களுக்குத் துணை செய்யா. வழக்கமாகக் காபி குடிப்பவர் அன்றும் அதே அளவு குடித்துவிட்டுப் போகலாம். டின் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான், பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். ஆட்டத்துக்கு முன் ஒரு டின் குடித்தால் வேகம் வரும் என்று சீனியர் மாணவர்கள் சொன்னார்களாம். கடையிலும் தடையில்லாமல் கொடுக்கிறார்கள். அனுமதிக்கலாமா டாக்டர்?
– ஒரு தாய், ராமகிருஷ்ணபுரம்

பதில்: வேண்டாம், அம்மா. சீனியர்கள் சொன்னதில் ஒரு சிறு உண்மை இருப்பதால்தான் மகன் அதை நம்புகிறான். அதை மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு மூன்று முதல் ஆறு மில்லிகிராம் காஃபீன், பயிற்சி பெற்ற பெரியவர்களின் ஓட்டத்திறனைச் சற்றுக் கூட்டுகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் 2004-ல் காஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் அந்த அளவு பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தது; பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உரியதன்று. சிறுவர்களின் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. லித்துவேனியா 2014-லும் போலந்து 2024-லும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதை விற்பதைத் தடைசெய்தன. நம் நாட்டிலும் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டின்னின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து சிறியது என்பதால் அவன் படித்திருக்க மாட்டான், எடுத்துக் காட்டுங்கள்.

தில்லியின் மே மாத வெயிலில் ஆடுகிறவனுக்கு வேண்டியது நீரும் உப்பும். சர்க்கரை செறிந்த பானம் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும்; ஓடும்போது வயிற்றைப் பிடிக்கும். உப்புப் போட்ட நீர்மோரோ, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறோ ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும்.

இன்னொன்றையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அவன் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், மைதானத்துக்கு மறுபடி அனுப்புவதற்கு முன் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே இதயத்துடிப்புக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய பானங்கள் உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

கேள்வி: எனர்ஜி டிரிங்கில் உள்ள டாரினைக் காளையிலிருந்து எடுக்கிறார்கள் என்கிறார்களே, நாங்கள் சைவம்.
– வாசகி, மயூர் விஹார்

பதில்: 1827-ல் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது எருதின் பித்தநீரிலிருந்து என்பதால், காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது பானங்களில் சேர்க்கும் டாரின் தொழிற்சாலையில் வேதிமுறையில் செய்வது. நம் உடலே அதை ஓரளவு தயாரித்துக்கொள்கிறது. வாங்கும் முன் டின்னில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.