ஐசி (அடையாள அட்டை) இல்லாத பையன்: குடியுரிமை மனுவுக்கு ஓடாதீர்கள்

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன், வயது 17, பிறப்புப் பத்திரமே இல்லை, அப்பா விட்டுப் போய்விட்டார், குடியுரிமைக்கு எப்படி மனு போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த மனு இப்போது வேண்டாம். அம்மா மலேசியக் குடிமகள், கல்யாணத்தைப் பதியவில்லை, பையன் பிறந்ததும் இங்கேதான் என்கிறீர்கள். கல்யாணத்தைப் பதியாத தம்பதியின் பிள்ளைக்குச் சட்டப்படி தாயின் குடியுரிமைதான். ஆகவே தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பிறப்புப் பதிவு செய்யுங்கள். (கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்று விட்டுவிடுகிறார்களே, நம் தோட்டத்து லயன் வீடுகளில் பாதிச் சிக்கல் அங்கேதான்.)

பிரசவ ஆஸ்பத்திரி ரெக்கார்ட், தடுப்பூசிக் கார்டு, தோட்டத்துக் கிளினிக் பதிவேடு, எது கிடைத்தாலும் எடுங்கள். வீட்டுப் பிரசவம் என்றால் அப்போது கூட இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். கவுண்டரில் ஒரு கேள்வி கேட்டதும் திரும்பி வந்துவிடுவார். இத்தகைய வழக்குகளை டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா அமைப்பு பார்க்கிறது, அவர்களிடமும் பேசுங்கள். அவனுக்கு 18 ஆவதற்குள் தொடங்கிவிடுங்கள்.

கேங் பையன்களோடு சுற்றுகிறான் என்றீர்கள். புத்திமதி எடுபடாது. ஐசி கைக்கு வந்தால் எஸ்.கே.எம். (மலேசியத் தொழில்திறன் சான்றிதழ்) முதல் நிலையில் சேரலாம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) தேவையில்லை, மலாய் பேச, எழுதத் தெரிந்தால் போதும். அதை இன்றே அவனிடம் சொல்லுங்கள்.