ஆட்டிசம் குழந்தையோட தீம் பார்க் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகள செய்ய பயிற்சி குடுக்கறவ. மருந்து, டயட் பத்தி கேக்காதீங்க, மத்ததெல்லாம் கேளுங்க.

மித்து அம்மா: அக்கா, பையனுக்கு 6 வயசு, முதல் தடவை போறோம். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

வீட்லேருந்துதான். ரெண்டு வாரம் முன்னாடியே அந்த பார்க்கோட வீடியோவ போட்டுக் காட்டுங்க, மொதல்ல சவுண்ட கம்மியா வெச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி. கூடவே ஒரு சோஷியல் ஸ்டோரி பண்ணிடுங்க, கரோல் கிரேன்னு ஒரு அமெரிக்க டீச்சர் 1990-கள் தொடக்கத்துல கொண்டுவந்த முறை அது, போட்டோவும் சின்ன சின்ன வரியுமா இருக்கும்: இங்க டிக்கெட் காட்டுவோம், இங்க நிப்போம், சத்தம் வரும், பிடிக்கலன்னா வெளிய வந்துடலாம். அந்த கடைசி வரியத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. "ஜாலியா இருக்கும்"னு எழுதவே எழுதாதீங்க, அவனுக்கு ஜாலியா இல்லன்னா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும். "அந்த ரைடு மூடியிருக்கலாம்"னும் ஒரு பக்கம் வைங்க. இன்னொண்ணு, டாய்லெட்ல கை காயவைக்கற மெஷின்! ரோலர் கோஸ்டர தாங்கற குழந்தையும் அதுக்கு அலறும். சின்ன டவல் எடுத்துட்டுப் போங்க.

கார்த்தி: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் போதுமா?

ஃபேன், எஞ்சின் மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சலுக்கு போதும். திடீர்னு வர்ற அலறல், வெடிக்கு காத முழுசா மூடற சாதாரண இயர்மஃப்தான் பெட்டர். வேகமான ரைடுல பெரும்பாலும் அத கழட்டச் சொல்லிடுவாங்க, அதையும் முன்னாடியே சொல்லி வைங்க.

பாலா அப்பா: வரிசைல நிக்காம இருக்க பாஸ் வாங்கறது மத்தவங்கள ஏமாத்தற மாதிரி இல்லயா? நின்னு பழகட்டுமே.

இது வரும்னு தெரியும். வெளிநாட்டு டிஸ்னி பார்க்ல டிஏஎஸ்னு (டிஸபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) ஒரு பாஸ் இருக்கு, 2013-ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி இருந்த கார்ட நிறைய பேரு தப்பா யூஸ் பண்ணதாலதான் அத மாத்தினாங்க. 2024-ல இன்னும் இறுக்கி, ஆட்டிசம் மாதிரி வளர்ச்சி சார்ந்த குறைபாட்டால ரொம்ப நேரம் வரிசைல நிக்க முடியாதவங்களுக்குத்தான்னு ஆக்கிட்டாங்க. அதுல வரிசைய தாண்டியெல்லாம் விடமாட்டாங்க சார். வரிசை எவ்ளோ நேரமோ கிட்டத்தட்ட அவ்ளோ நேரம் கழிச்சு வான்னு டைம் குடுப்பாங்க, நீங்க வெளிய காத்திருக்கறீங்க, அவ்ளோதான். இதுல யார் ஏமாந்தா?

பாலா அப்பா: அப்போ காத்திருக்கவே கத்துக்க மாட்டானே?

கத்துக்கணும், ஆனா அந்த நாள்ல இல்ல. வீட்ல டைமர் வெச்சு ரெண்டு நிமிஷம், அப்புறம் அஞ்சு. வெயில், கூட்டம், பின்னாடி இருக்கறவர் இடிக்கறார், எப்போ முடியும்னு தெரியாது, இத்தனைக்கும் நடுவுல பாடம் எடுத்தா யாருக்குமே ஏறாது.

மித்து அம்மா: பாலா அண்ணா, என் மாமியாரும் இதையேதான் சொல்றாங்க. நாலு பேரு பாக்க அவன் தரைல படுத்து அழறப்போ பக்கத்துல நின்னு பாருங்க.

பாலா அப்பா: நான் பாக்கலன்னு யார் சொன்னா? என் பொண்ணும் ஆட்டிசம்தான். நாளைக்கு எல்லா இடத்துலயும் பாஸ் குடுப்பாங்களா?

மாட்டாங்க. நியாயமான பயம்தான், அதுக்குத்தான் வீட்ல டைமர். பாஸ் வாங்கினா பயிற்சி நின்னுடும்னு இல்லயே. மித்து அம்மா, நீங்களும் விடுங்க, அடுத்தவங்க காத்திருக்காங்க.

ரேவதி: ஓடிப் போற பொண்ணு. கூட்டத்துல தொலைஞ்சா?

காலைல கிளம்பறப்பவே அன்னிக்கு போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்துடுங்க. உங்க ஃபோன் நம்பர் அவ கைல இருக்கட்டும், பேண்டோ தற்காலிக டாட்டூவோ. காணோம்னா உடனே ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க, நீங்க மொதல்ல குளம், ஃபவுண்டன், நீச்சல் குளம் பக்கம் ஓடுங்க. இந்த குழந்தைங்க நிறைய பேருக்கு தண்ணின்னா ஒரு இழுப்பு, ஆபத்தும் அங்கதான். ரெண்டு பெரியவங்க இருந்தா இப்போ யார் பொறுப்புன்னு வாய்விட்டு சொல்லிக்குங்க, "நீ பாத்துக்கறன்னு நினைச்சேன்"லதான் குழந்தை நழுவுது.

சதீஷ்: ஹெட்ஃபோன் எது வாங்கலாம்?

மேல கார்த்திக்கு சொன்னதப் படிங்க.

நிம்மி: சூரியகாந்தி பட்டை போட்டா உதவுமா?

வெளிய தெரியாத குறைபாடு இருக்குன்னு காட்ட கழுத்துல போடற பட்டை அது, 2016-ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சது, ஸ்டாஃபுக்கு பழக்கமான இடத்துல உதவும். பாஸுக்கு பதில் இல்ல அது.

தினேஷ்: தூக்க மருந்து குடுத்துக் கூட்டிட்டுப் போகலாமா?

டாக்டர்கிட்ட கேளுங்க.

அனு: ஹெட்ஃபோன்...

மேல இருக்கு!! டவல் எடுத்தீங்களா அத சொல்லுங்க.

சரண்யா: டிக்கெட்டுக்கு அவ்ளோ செலவு பண்ணிட்டு ஒரு மணி நேரத்துல அழுதா என்ன பண்ண?

கிளம்புங்க. அழுகை முத்தறதுக்கு முன்னாடியே, காத பொத்தறது, ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பி சொல்றதுன்னு ஆரம்பிக்கறப்பவே. அமைதி அறை இருக்கான்னு மேப்ல முதல்லயே பாத்து வைங்க, அங்க கொஞ்சம் உக்காந்து சரியாச்சுன்னா திரும்பலாம், இல்லன்னா வீடுதான். பிடிச்ச ரைட மொதல்ல முடிச்சிருந்தா மனசும் அடிச்சுக்காது.