தாத்தா காலத்துப் பல்லாங்குழி, தாயக்கட்டை, இரும்புக் குண்டுகளை எடைக்குப் போடலாமா?

கடலூர் பழைய நகரில் தாத்தா வீட்டைக் காலி செய்கிறீர்கள். பரணில் ஒரு மரப் பல்லாங்குழி, பித்தளைத் தாயக்கட்டை, மடித்து வைத்த பரமபதப் படம், ஒரு ஹாக்கி மட்டை, என்னவென்றே தெரியாத கனமான இரும்புக் குண்டுகள் சில கிடைத்திருக்கின்றன. அடுத்த வாரம் பழைய சாமான்காரர் வருகிறார். எடைக்குப் போடுவதா, ஆன்டிக் என்று நல்ல விலைக்கு விற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடைக்குப் போடாதீர்கள். முதலில் அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் வியாபாரி இல்லை. கடலூரில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய விளையாட்டுச் சாமான்களைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். இதுவரை ஒன்றையும் விற்றதில்லை. அதனால் விலை விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதைச் செய்தால் அந்தப் பொருள் பொருளாகவே இல்லாமல் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரும்புக் குண்டுகள். கையில் அடங்குகிற அளவு, வழவழப்பு, மேலே மெல்லிய கோடுகள், எங்கோ ஓரிடத்தில் எண்கள், தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். இப்படி இருந்தால் அது பெத்தாங்க் ஆடும் குண்டு. 1900-களின் தொடக்கத்தில் பிரான்சின் தென்கரையில் லா சியோத்தா என்ற ஊரில் உருவான ஆட்டம். தரையில் வட்டம் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு அருகில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டை வீச வேண்டும். முதலில் 13 புள்ளி எடுக்கிற பக்கம் ஜெயித்தது. பாண்டிச்சேரியில் இது ஊர் ஆட்டமாகவே ஆகிவிட்டது. கடலூர் வீட்டில் அது கிடக்கிறது என்றால், உங்கள் தாத்தாவோ அவருடைய அண்ணன் தம்பியோ பாண்டியில் இருந்திருப்பார், இல்லை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார். என் ஊகம்தான், வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

நான் பிறந்த வீடு பாண்டி குருசுக்குப்பத்தில். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி எல்லாம் முடிந்தது. அதன்பின் விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்தது. தாத்தா அப்படித் தேர்ந்தெடுத்தவர். அல்ஜீரியாவில் இருந்திருக்கிறார். வெயில் தாழ்ந்ததும் வெள்ளை அரைக்கை சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாகத் துணிப்பையில் குண்டுகளோடு கிளம்புவார். நான்கைந்து பேர் சேர்ந்து செம்மண் தரையில் ஆடுவார்கள். யார் குண்டு கிட்டே இருக்கிறது என்று சண்டை வரும். கயிறு எடுத்து அளப்பார்கள். சிறுமிகளான எங்களுக்கு அதை எட்ட நின்று பார்க்கத்தான் அனுமதி. நான் பின்னாளில் விளையாட்டு வாத்தியாராக ஆனதற்கு அந்த மண் தரையும் ஒரு காரணம்.

தாத்தா போனார், பிறகு ஆயாவும் போனார். வீட்டை விற்றுவிட்டார்கள். பிரான்சிலிருந்து அவர்கள் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வந்து காலி செய்துகொண்டிருந்தார். நான் துக்கம் விசாரிக்கப் போன அன்று வாசலில் மூன்று சக்கர வண்டி நிற்கிறது, தராசில் அந்தக் குண்டுகள் கிடக்கின்றன.

“என்ன விலைக்கு எடுக்கிறீங்க தம்பி?” என்றேன்.

“இரும்பு விலைதாம்மா. ஆனா பாருங்க, உள்ள ஒண்ணுமில்ல, வெறும் பொள்ளல்” என்று இரண்டை எடுத்து மோதிக் காட்டினார்.

அதே நேரம் விருந்தினர் விடுதிகளுக்குப் பழைய சாமான் பிடித்துக் கொடுக்கிற ஒருவரும் அங்கே நின்றார். அவருக்குக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மட்டும் போதுமாம். மீதி இரும்புக்குப் போகட்டும் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. தனி ஆட்டத்திலும் ஜோடி ஆட்டத்திலும் ஒருவர் கையில் மூன்று குண்டு இருக்கும். மூன்றும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே எண். அந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு ஆட்டக்காரரின் குண்டு, பிரித்துவிட்டால் யாரோ செய்த இரும்பு உருண்டை. வண்டிக்காரர் தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். மூன்றில் 720 என்று எடை பொறித்திருந்தது, மூன்றிலும் ஒரே தொடர் எண். அதற்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு எழுத்து. தாத்தாவின் பெயரின் முதலெழுத்துகள். போட்டி ஆடுகிறவர்கள் தங்கள் பெயரெழுத்தைப் பொறித்துக்கொள்வது உண்டு.

“உனக்கு எதுக்கும்மா இந்த இரும்பு? அப்பாவே போயாச்சு” என்றார் அக்கா. அந்த எழுத்துகளைக் காட்டினேன். அவருக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரரிடம் மூன்றையும் எடுத்துக் கீழே வைக்கச் சொன்னார். அப்பா எந்தத் துறைமுகத்தில் இதை வாங்கினார், யார் யாரோடு ஆடினார், கிட்டே போய் நிற்கிற வீச்சை விட எதிராளி குண்டை அடித்துத் தூக்குகிற வீச்சில்தான் அவருக்குக் கை வரும், தோள்பட்டை வலி வந்தபின் ஆயா எப்படித் தைலம் தேய்த்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். என் பையிலிருந்த வருகைப் பதிவு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இரும்பு விலையைவிடக் கூடவே கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. வண்டிக்காரருக்கு மட்டும் அவர் கணக்கில் வர வேண்டியதைக் கொடுத்தேன், அவர் பிழைப்பைக் கெடுப்பது நியாயமில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குண்டுகளுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. 1920-களின் கடைசியில் இரண்டு எஃகு அரைக்கோளங்களைப் பற்றவைத்துக் குண்டு செய்யும் முறை வந்தபிறகு, பிரான்சில் அவை ஏராளமாகச் செய்யப்பட்டன. அதற்கு முந்தைய காலத்தவை பெரும்பாலும் மரக்குண்டின் மேல் நெருக்கமாக ஆணி அடித்து மூடியவை, மீன் செதில் போல் இருக்கும். அப்படி ஒன்று உங்கள் பரணில் இருந்தால் அது வேறு கதை, உடனே படம் எடுத்துப் போடுங்கள். என்னிடம் இருப்பது சாதாரண எஃகுக் குண்டுதான். ஆனால் அந்த நோட்டுப் பக்கங்களோடு சேர்த்து வைத்தால் அது எங்கள் தெருவின் சரித்திரம். யாருடையது, எங்கே வாங்கியது, எப்படி ஆடினார்கள் என்று எழுதி வைக்காத பொருளை நான் சேகரிப்பில் சேர்ப்பதே இல்லை.

ஆயாவின் பல்லாங்குழிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பலா மரம், மடித்து மூடுகிற மாதிரி, கூடவே சுருக்குப்பையில் கழற்சிக்காய். நான் போவதற்குள் விடுதிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பார்க்க அந்த விடுதிக்குப் போனபோது கண்டேன். விரித்த பலகையைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, இரண்டு குழிக்கு நடுவே ஸ்க்ரூ இறக்கியிருக்கிறார்கள், மேலே விளக்கு வேறு. ஆண்கள் மண் தரையில் ஆடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் பெண்கள் அந்தப் பலகையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். யார் காசி எடுத்தார், யார் தோற்றார் என்று சிரிப்புச் சத்தம் வெளியே வரும். அதைத் துளை போடுவதற்கு முன் ஒருவராவது அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, பிரெஞ்சுக்காரன் ஆட்டத்தை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று சிலர் கேட்பார்கள். காலனி ஆட்சியை நான் புகழவில்லை. ஆடியவர்கள் நம் மனிதர்கள், நம் மண்ணில் ஆடினார்கள். குப்பை சேர்க்கிறாள் என்று சொல்பவர்களும் உண்டு. என் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். கீழடிக்குப் போய்ப் பாருங்கள். சுடுமண் ஆட்டக்காய்களையும் பகடையையும் வட்டச் சில்லுகளையும் அரசாங்கமே கண்ணாடிக்குள் வைத்து அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. அவையும் ஒரு காலத்தில் யாரோ வீட்டு மூலையில் கிடந்தவைதான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கோயில், பெயர் வேண்டாம். மண்டபத்துக் கருங்கல் தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் வெட்டியிருந்தன. மூன்று புலி, பதினைந்து ஆடு என்று கல்லை வைத்து மதிய நேரத்தில் பெரியவர்கள் ஆடுவார்கள், நானும் ஆடியிருக்கிறேன். திருப்பணி என்ற பெயரில் அதன்மேல் சிமெண்ட் போட்டு வழவழ டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மழை நாளில் வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கல் தரையாக இருந்தபோது மழையில் நனைந்திருந்தாலும் விழுந்தவர் இல்லை. ஆட்சேபணை சொன்னதற்கு, ‘சாமி இடத்தில் சூதாட்டக் கோடு எதற்கு’ என்று பதில் வந்தது. ஆடுபுலியில் பந்தயமும் இல்லை, பகடையும் இல்லை, முழுக்க மூளைதான். கோயிலைக் கட்டிய சிற்பி ஓய்வில் வெட்டினாரா, காவலுக்கு இருந்தவர் வெட்டினாரா, இனி யாரும் பார்த்து யோசிக்கக்கூட முடியாது. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால் தரையை முதலில் படம் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் பரணுக்கு வருகிறேன்.

பித்தளைத் தாயக்கட்டையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளங்கையில் பல காலம் உருண்டு உருண்டு விளிம்பு மழுங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்ற புள்ளிகள் மெல்லத் தேய்ந்திருக்கும். நான்காவது பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தத் தேய்மானம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. இப்போது புதிதாக வார்த்து, அமிலத்தில் முக்கிக் கறுப்பாக்கிப் ‘பழசு’ என்று விற்கிறார்கள். பாண்டி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எனக்கும் நீட்டியிருக்கிறார்கள். மேலே கறுப்பு, விளிம்போ கையைக் கிழிக்கிற கூர்மை. கறுப்பைப் பார்க்காதீர்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

பரமபதப் படத்தை லேமினேட் செய்யவே கூடாது. பிறகு எடுக்க முடியாது, காகிதம் உள்ளேயே பழுத்துப்போகும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வைத்த காகிதம் அது. மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாமல், வெளுத்த பருத்தித் துணிக்கு நடுவில் பரத்தி வையுங்கள்.

ஹாக்கி மட்டையில் அச்சு இருக்கிறதா பாருங்கள். சியால்கோட் என்று இருந்தால் பெரும்பாலும் 1947-க்கு முந்தையது. பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது, அங்கிருந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர்கள் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தார்கள். கைப்பிடித் துணி நைந்திருந்தாலும் மாற்றாதீர்கள்.

பல்லாங்குழியில் ஓட்டையும் புது மாவுத்தூளும் தெரிந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். வார்னிஷ் வேண்டாம். குண்டுகளுக்கு நம் கடற்காற்றுதான் எதிரி. காய்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் போதும். உப்புத்தாள் போட்டால் எண்கள் போய்விடும்.

விற்பது என்று முடிவு செய்தால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப்பொருளைத் தொல்பொருள் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தாயக்கட்டையிலோ சதுரங்கக் காயிலோ யானைத் தந்தம் என்று யாராவது சொன்னால் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். தந்தம் இல்லாத, நூறு வருடம் ஆகாத பொருட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் லட்சங்களை எதிர்பார்த்து விற்காதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும்.

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் தாண்டி உங்கள் பரணில் அவை இருந்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பரணே மிஞ்சவில்லை.

உங்கள் ஆயா இருக்கிறார்கள் என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். குண்டுகளில் உள்ள எண்ணும் எழுத்தும் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போட்டால், எது எதோடு சேர்ந்த செட் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.